வீட்டுக்குள் ஒரு சர்வர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் சாலையில், சிம்மோர் பக்கத்தில் கிந்தா தொழிற்பேட்டை இருக்கிறது. அங்குள்ள ஓர் ஆலையில் விரல் நீளமே உள்ள உலோகக் கூடுகளைச் செய்கிறார்கள். கூட்டின் ஒரு முனையில் மின்துடிப்பு நுழைகிறது. மறுமுனையில் அதே துடிப்பு ஒளியாக மாறிக் கண்ணாடி இழைக்குள் இறங்குகிறது. உள்ளே கடுகளவுகூட இல்லாத லேசர் ஒன்று விநாடிக்கு ஆயிரம் கோடித் துடிப்புகளை அனுப்புகிறது. உலகின் பெரிய தரவு மையங்களில் ஒரு கணினி இன்னொரு கணினியோடு பேசுவது இத்தகைய கூடுகள் வழியாகத்தான். 2001இல் ஃபினிசார் என்ற அமெரிக்க நிறுவனம் இந்த ஆலையை வாங்கியது. விற்றது ஹார்டு டிஸ்க் செய்யும் சீகேட் நிறுவனம். இன்று ஆலையின் பெயர்ப்பலகையில் கோஹெரண்ட் என்று இருக்கிறது. ஈப்போவில் 1972 முதல் இயங்கும் கார்செம், சிம்பாங் பூலாயில் இருக்கும் யூனிசெம் ஆகிய ஆலைகளில் சிலிக்கான் சில்லுகளுக்குக் கால் வைத்து, உறை போட்டு, சோதித்து அனுப்புகிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது லயக் குடியிருப்பை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பெண்பிள்ளைகள் பலர், விடியற்காலைத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி மின்னணு ஆலைகளுக்குத்தான் வேலைக்குப் போனார்கள்.

காலத்தில் இன்னும் பின்னால் போனால் ஈயம், அதாவது வெள்ளீயம், வரும். கணினிப் பலகையில் ஒவ்வொரு சில்லையும் பிடித்து வைத்திருப்பது பற்றாசு. காரீயம் கலந்த பற்றாசுக்கு 2006இல் ஐரோப்பா தடை போட்டது. அதன்பின் பரவலாகப் பயன்படும் கலவையில் 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு. ஒரு காலத்தில் உலகின் மிக வளமான ஈய வயலாக இருந்தது ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு. 1985 அக்டோபரில் ஈயத்தின் விலை சரிந்ததும் அந்தத் தொழில் முறிந்தது. 1938இல் கட்டப்பட்டு 1982வரை ஓடிய ராட்சத ஈயக்கப்பல் ஒன்று தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிற்கிறது.

அதற்கும் முன்னால், கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உப்புநீர் புகாத உறை தேவைப்பட்டது. அந்த உறை மலாயாக் காட்டுமரம் ஒன்றின் பாலிலிருந்து கிடைத்தது. கட்டாபெர்ச்சா என்று அதற்குப் பெயர். பேராக் காடுகளிலும் அந்த மரம் வளர்ந்தது. 1870 கடைசியில் தொடங்கி 1871க்குள் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்த தந்திக் கம்பி அப்படித்தான் உறையிடப்பட்டது. நம் முன்னோர் கப்பலில் கடந்த அதே வங்கக் கடலின் அடியில் அது கிடந்தது. இன்று அந்தக் கடலடியில் ஒளியிழைக் கம்பிகள் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று பினாங்கிலும் சென்னையிலும் கரையேறுகிறது.

காட்டுப்பாலும் ஈயமும் சில்லும் லேசரும் கொடுத்த மாநிலம் இது. ஆனாலும் இங்குள்ள ஒரு குடும்பம் தன் தோட்டத்துப் படங்களை வைத்திருப்பது புலனக் (வாட்ஸ்அப்) குழுவில், அல்லது முகநூலில். எங்கோ இருக்கும் யாருடைய கணினியிலோ என்று பொருள். இதற்கு வேறு வழி உண்டு: வீட்டிலேயே சொந்தமாக ஒரு சர்வர். அது எளிதானதும்கூட. பார்க்கப் பார்க்க வியப்பு கூடிக்கொண்டே போகிற வழியும் அதுதான் என்பது என் எண்ணம்.

சர்வர் என்றால் பலருக்கும் குளிரூட்டிய மண்டபமும் நீல விளக்குகளும் நினைவுக்கு வரும். உலகின் முதல் வலைச் சர்வருக்கு அந்த அலங்காரம் எதுவும் இல்லை. 1990 இறுதியில் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தன் மேசைமேல் இருந்த நெக்ஸ்ட் கணினியிலேயே அதை ஓட்டினார். இது சர்வர், யாரும் அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியும் வைத்தார். அணைக்காமல் இருப்பதும், கேட்டால் பதில் சொல்வதும்தான் சர்வரின் இலக்கணம். மற்ற எல்லாம் அளவு பற்றியது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் பல தோட்டத்துக்குள் பிறந்தவை. தோட்டம் கைமாறியதும் சில பள்ளிகள் பட்டணத்துக்கு இடம் மாறின. அப்படி ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் ஒரு வலைச்செயலி அமைக்கிறார்கள். தோட்டத்தின் பெயரைத் தட்டினால் லயங்களின் வரைபடம் வரவேண்டும். யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று தெரியவேண்டும். படம் வைத்திருப்பவர் ஏற்றவேண்டும். படத்தில் இருப்பவரை அடையாளம் தெரிந்தவர் பெயர் சேர்க்கவேண்டும். தோட்டங்களுக்கு ஆவணத்தில் ஒரு பெயர், வாய்வழக்கில் ஒரு பெயர். இரண்டில் எதைத் தேடினாலும் கிடைக்கவேண்டும்.

இதற்குப் பழைய மடிக்கணினி ஒன்றே போதும். கையடக்கமான ராஸ்பெர்ரி பை பலகையும் போதும். பத்து வாட் மின்சாரத்தில் மாதம் முழுக்க ஓடினாலும் ஏழெட்டு யூனிட்டைத் தாண்டாது. இரண்டு மூன்று மலேசிய வெள்ளிதான் செலவு. இயங்குதளமாக லினக்ஸ், வாசலில் நின்று கோரிக்கைகளை வாங்க, ரஷ்யரான ஈகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், பின்னால் நம் சொந்த நிரல், அதற்கும் பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். நம் நிரலைத் தவிர மற்ற மூன்றும் இலவசமாகக் கிடைப்பவை. உலகின் மிகப் பெரிய தளங்களிலும் இவையேதான் ஓடுகின்றன. மலிவுப் பதிப்பு, ஏழைப் பதிப்பு என்று எதுவும் கிடையாது.

இப்போது தாப்பாவில் ஓர் அம்மா கைப்பேசியில் அந்தத் தளத்தைத் திறக்கிறார். கணினி இருப்பது ஈப்போவில் ஒரு வீட்டில். கைப்பேசிக்குப் பெயர் தெரியும், எண் தெரியாது. எனவே முதலில் டிஎன்எஸ் என்னும் பெயர்ப்பதிவு முறையிடம் கேட்கிறது. 1983இல் பால் மொகாபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு அது. உலகின் எல்லாப் பெயர்களையும் தெரிந்து வைத்திருக்கும் இடம் என்று ஒன்று இல்லை; ஒவ்வொரு அடுக்குக்கும் அடுத்த அடுக்கு யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். வேர்ச் சர்வர் புள்ளி எம்ஒய் பதிவகத்தைக் காட்டும், அது நம் பெயருக்குப் பொறுப்பான சர்வரைக் காட்டும், அந்தச் சர்வர் எண்ணைச் சொல்லும். எண் கிடைத்ததும் பொட்டலங்கள் கிளம்புகின்றன. தாப்பாவிலிருந்து வடக்கே ஈப்போவுக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான். ஆனாலும் பொட்டலம் பெரும்பாலும் தெற்கே கோலாலம்பூர் வரை போய், அங்கே ஒரு நிறுவனத்தின் வலையிலிருந்து இன்னொன்றின் வலைக்கு மாறி, மறுபடி வடக்கே ஏறும்.

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சுற்றுவழியான 350 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு இரண்டு மில்லிவிநாடிகூட ஆகாது. ஆனால் ஒரு பக்கம் திறக்க ஒரு பயணம் போதாது. இணைப்பு வேண்டும் என்று கேட்டுச் சம்மதம் பெற ஒரு போக்குவரத்து, இரகசியச் சாவி பேசிக்கொள்ள இன்னொன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து இழைக்குள் செலவாவது பத்து மில்லிவிநாடி. கைப்பேசிக் கோபுரமும் இடைக் கருவிகளும் தங்கள் பங்குக்கு இன்னும் சில பத்துகளைச் சேர்க்கும். அதே சர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால் ஒரு வழிக்கே ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். மூன்று போக்குவரத்துக்கும் அரை விநாடியை நெருங்கும். எவ்வளவு பணம் கொட்டினாலும் குறையாத தாமதம் அது. ஒளியே அதற்குமேல் ஓடாது. வாடகைச் சர்வர் சிங்கப்பூரிலும் கிடைக்கும், 2024 முதல் அமேசானே மலேசியாவில் மையம் வைத்திருக்கிறது. எனவே வேகத்துக்காக வீட்டில் சர்வர் வைக்கவேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் வீட்டுச் சர்வர் வேகத்தில் தோற்றுவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை.

உண்மையான முட்டுக்கட்டை முகவரி. இணையத்தின் பழைய முகவரி முறை 32 பிட்டு நீளம். மொத்தம் 429 கோடி முகவரிகள். மனிதர்களே அதைவிட அதிகம். ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு 2011 ஏப்ரலில் கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டது. அதன்பின் பல நிறுவனங்கள், கைப்பேசி நிறுவனங்கள் முதலாக, பல வாடிக்கையாளர்களை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைத்தன. உள்ளிருந்து வெளியே போகலாம், பதில் வரும். வெளியிலிருந்து யாராவது நம்மைத் தேடி வந்தால் எந்த வீடு என்று நடுவில் இருக்கும் கருவிக்குத் தெரியாது. பக்கம் பார்ப்பவருக்கு இதனால் ஒரு குறையும் தெரியாது. பக்கம் வைத்திருப்பவருக்கு வாசலே இல்லாமல் போகிறது. இணையத்தில் நாம் எல்லோரும் பார்வையாளர்களாக மட்டும் ஆனதற்கு இந்த எண்பஞ்சமும் ஒரு காரணம்.

இதைத் தாண்ட இரண்டு வழி உண்டு. வெளிமுகவரி உள்ள மிகச் சிறிய வாடகைச் சர்வர் ஒன்றை எடுத்து, வீட்டுக் கணினியே உள்ளிருந்து அதற்கு ஒரு சுரங்கம் போடுவது முதல் வழி. வயர்கார்டு என்ற நிரல் இதைச் செய்யும். 2020இல் லினக்ஸின் உள்ளகத்திலேயே சேர்ந்துவிட்டது. இருபத்தைந்து விநாடிக்கு ஒருமுறை வெறும் பொட்டலம் ஒன்றை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தால் நடுக்கருவி அந்த வழியை மூடுவதில்லை. பார்வையாளர்களின் கோரிக்கை சுரங்கத்தின் வெளிவாயிலுக்கு வந்து உள்ளே இறங்கும். தரவு முழுவதும் வீட்டில்தான் இருக்கும். இரண்டாவது வழி 128 பிட்டுப் புதிய முகவரி. மலேசியாவில் பாதிக்கும் மேற்பட்ட பயனர்களிடம் அது ஏற்கெனவே வந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு வழக்கமாகக் கொடுக்கும் புதிய முகவரித் தொகுதியில் குறைந்தது எத்தனை எண்கள் இருக்கும் தெரியுமா? பழைய இணையம் முழுவதற்குமான 429 கோடியை அதே 429 கோடியால் பெருக்கினால் வரும் தொகை. ஒரே ஒரு வீட்டுக்கு!

முகவரி கிடைத்த கையோடு அந்நியர்கள் வந்துவிடுவார்கள். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இசட்மேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரே ஒரு கணினியிலிருந்து, ஒரு கிகாபிட் இணைப்பில், பழைய முகவரி உலகம் முழுவதையும் 45 நிமிடத்தில் தட்டிப் பார்த்துவிட முடியும் என்று அது காட்டியது. இப்போது அந்தத் தட்டல் ஓய்வதே இல்லை. புதிதாக இணைத்த கணினியின் பதிவேட்டைத் திறந்தால் சில நிமிடத்துக்குள் அட்மின், ரூட், டெஸ்ட் என்ற பெயர்களில் யாரோ கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டிருப்பது தெரியும். நம்மீது யாருக்கும் பகையில்லை. நம்மை யாருக்கும் தெரியவே தெரியாது. எல்லா எண்களையும் தட்டும் நிரல் நம் எண்ணையும் தட்டுகிறது. கடவுச்சொல்லால் நுழையும் வழியையே அடைத்துவிட்டுச் சாவிக் கோப்பால் மட்டும் நுழையும்படி வைத்தால் இந்த ஊகம் எத்தனை ஆண்டு நடந்தாலும் பலிக்காது. பாதுகாப்புத் திருத்தங்கள் வெளிவந்த அன்றே தாமாக ஏறும்படியும் வைக்கவேண்டும். பார்வையாளருக்கும் சர்வருக்கும் இடையே பூட்டுப் போடத் தேவையான சான்றிதழை, 2015 இறுதியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. அதற்கு முன் ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கினோம்.

தமிழில் தளம் நடத்துபவருக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்க காலத்தை நினைத்துப் பாருங்கள். 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் வலையில் வந்தபோது, அதற்கென்றே தனி எழுத்துரு தேவைப்பட்டது. இன்று யூனிகோடு இருக்கிறது, எழுத்துருக் கவலை போய்விட்டது. ஆனால் ஈப்போ என்று தேடிப் பாருங்கள். கணினிக்கு அது ஐந்து குறிகள்: ஈ, ப, புள்ளி, ப, பிறகு ஓகாரக் குறி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, ஆக 15 பைட்டு. சில பழைய விசைப்பலகைகளும் மாற்றிகளும் அந்த ஓகாரத்தை ஒரே குறியாக எழுதாமல், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக எழுதும். அப்போது ஆறு குறிகள், 18 பைட்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தரவுத்தளத்துக்கு அவை வெவ்வேறு ஊர்கள். ஒருவர் ஏற்றிய படத்தை இன்னொருவர் தேடிக் காணவில்லை என்பார், படம் அங்கேயே இருக்கும். எழுத்து உள்ளே வரும் இடத்திலேயே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடவேண்டும். நிரலில் ஒரே ஒரு வரி அது. தமிழ் தெரியாத நிரலாளருக்கு அந்த வரி வேண்டும் என்று தோன்ற வாய்ப்பே குறைவு.

பிறகு நம் ஊரின் வானம். உலகில் மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்தால் தொலைக்காட்சியின் வயரைப் பிடுங்குவது வீட்டுக்கு வீடு பழக்கம். தொலைபேசியின் செம்புக் கம்பியில் இணையம் வந்த காலத்தில் இடி அந்தக் கம்பி வழியாகவும் வீட்டுக்குள் நுழைந்தது. எத்தனையோ மோடம்கள் கருகின. 2010இல் வரத் தொடங்கிய ஒளியிழைச் சேவையில் அந்த வழி அடைபட்டது. கண்ணாடி ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. மிஞ்சியிருப்பது மின்சார இணைப்பு மட்டும்தான். அங்கே மின்னெழுச்சித் தடுப்பானும் சிறிய யுபிஎஸ் ஒன்றும் வைத்தால், இந்தக் கணினியையும் மோடத்தையும் மின்வெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

யுபிஎஸ்ஸும் தீர்ந்து, யாரோ ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டிருக்கும் அதே நொடியில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? இந்த இடத்தில்தான் தரவுத்தளத்தின் அறிவு தெரியும். தோட்டத்துக் கிராணி பெரிய பேரேட்டில் கைவைக்குமுன் அன்றன்றைய கணக்கைச் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதைப் போல, போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு முன்குறிப்பில் எழுதுகிறது. அந்தக் குறிப்பு வட்டில் பதிந்தது உறுதியான பிறகுதான் முடிந்தது என்று பயனரிடம் சொல்கிறது. அசல் அட்டவணையைப் பிறகு ஆற அமரத் திருத்துகிறது. நடுவில் மின்சாரம் போனால், திரும்ப எழுந்ததும் குறிப்பைப் படித்து, முழுமையாக இருப்பதை நிறைவேற்றும். பாதியில் நின்றதைக் கைவிடும். அரைப்பெயர் என்று ஒன்று அதில் தங்கவே தங்காது.

வெப்பமும் கவனிக்கவேண்டியது. பிற்பகலில் 33 பாகை தொடும் ஊரில், மூடிய அலமாரிக்குள் வைத்த சிறு கணினி 80 பாகையைத் தாண்டினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றோட்டமான இடம் போதும், குளிரூட்டி வேண்டாம். ஆனால் பல்லியும் எறும்பும் சூடான பலகையைத் தேடி வரும். துளைகளுக்கு வலை போடவேண்டும்.

கணினி சாகும். ஹார்டு டிஸ்க் நிச்சயம் சாகும். படியெடுத்து வைத்தோம் என்று நம்பியிருப்பதும் ஆபத்துதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற பெரிய நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாக அசல் தரவுத்தளத்தை அழித்தார். அவர்கள் வைத்திருந்த பல காப்பு வழிகள் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. சில மணி நேரத் தரவு போயேபோய்விட்டது. உலகமே நிரல் சேமிக்க நம்பிய இடத்திலேயே இப்படி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில் என்பது பழைய விதி. ஈப்போவில் அசல், தெலுக் இந்தானில் ஒரு வீட்டில் ஒரு வட்டு, தைப்பிங்கில் இன்னொன்று என்று பிரித்து வைக்கலாம். அன்றன்று மாறிய பகுதி மட்டும் இரவில் மறையாக்கம் செய்யப்பட்டு அங்கே போகும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தப் பிரதியைக் கொண்டு புதுக் கணினி ஒன்றில் தளத்தை எழுப்பிப் பார்க்கவேண்டும். எழும்பாத பிரதியைக் காப்பு என்று சொல்ல முடியாது.

இத்தனை உழைப்பு எதற்கு என்று கேட்பவருக்கு இரண்டு சம்பவம் சொல்வேன். 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீசை மூடியது. இலவச இடம் என்று அங்கே குடியிருந்த பல தமிழ்ப் பக்கங்களும் போயின. 1992இல் தொடங்கி இந்நாட்டின் முதல் இணையச் சேவையாக இருந்த ஜாரிங் 2015இல் முடிவுக்கு வந்தது. மக்கள் ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பழகிய மின்னஞ்சல் முகவரிகளும் அதோடு போயின. யார்மேலும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. இடம் அவர்களுடையது, மூட அவர்களுக்கு உரிமை இருந்தது.

இடம் யாருடையது என்ற கேள்வி பேராக்குக்குப் புதிதல்ல. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு. அந்தப் பணத்தைத் திரட்டித் தொழிலாளர்களே தோட்டங்களை வாங்கினார்கள். ஒருவரால் முடியாதது சங்கத்தால் முடிந்தது. சர்வருக்கும் நான் அந்த வழியைத்தான் விரும்புகிறேன். தனி ஒருவர் நடத்தினால் அவர் நோயில் விழும் நாளில் தளமும் விழும். நாலைந்து குடும்பம் சேர்ந்தால் பெயர்ப்பதிவின் ஆண்டுக் கட்டணத்தை யாராவது நினைவில் வைப்பார்கள். சாவிக் கோப்பு இருவரிடமாவது இருக்கும். எந்த நிரல் எங்கே இருக்கிறது என்று எழுதிய தாள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஈப்போவில் பஞ்சமில்லை, அவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம்.

அப்படி ஒரு சங்கம் இருந்து, நாளை ஈப்போ வீட்டை விற்க நேர்ந்தாலும் கலங்க ஒன்றுமில்லை. தைப்பிங்கில் இருக்கும் பிரதியை அங்குள்ள கணினியில் விரிக்கவேண்டும். டிஎன்எஸ் பதிவில் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதவேண்டும். பழைய எண்ணை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று முன்பே 300 விநாடி குறித்து வைத்திருந்தால், பெயரைத் தேடி வருகிறவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் புது வீட்டுக்குத் திரும்பத் தொடங்குவார்கள். தாப்பா அம்மாவின் கைப்பேசியில் அதே பெயர், அதே லயத்து வரைபடம், அவர் சேர்த்த அதே படங்கள் இருக்கும். தோட்டத்திலிருந்து ஒரு பள்ளியைப் பட்டணத்துக்கு மாற்ற எத்தனை மனு, எத்தனை ஆண்டு ஆனது என்று கண்ட ஊர் இது. இந்த இடமாற்றத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.